ஒரு ரூபாய் டிக்கெட் எங்கே போனது? - வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு பதிலில் ஏர் டெக்கானைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். மலிவு விலை விமானப் பயணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த நிறுவனம், ஐந்து வருடத்தில் அதன் பெயர்கூட மிஞ்சவில்லை என்று. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க அதுதான்.

சூர்யா நடித்த 'சூரரைப் போற்று' படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நிஜத்தில் ஏர் டெக்கானை ஆரம்பித்த அந்த கேப்டன் கோபிநாத் தமிழரா? படத்தில் வருவதெல்லாம் நடந்ததா?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

தமிழர் இல்லை அம்மா. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டம், கொரூர் என்ற ஊர்க்காரர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ராணுவத்தில் சேர்ந்து, 1971 வங்கதேசப் போரில் இருந்துவிட்டு, எட்டு வருட சர்வீஸோடு வேலையை விட்டு வந்தவர். ஹேமாவதி அணை கட்டும்போது குடும்ப நிலம் தண்ணீருக்குள் போனது, அதற்கு ஈடாகக் கிடைத்தது ஒரு பொட்டல் காடு. அங்கே கூடாரம் போட்டுத் தங்கி விவசாயம் பார்த்தார். தென்னை, பட்டுப்பூச்சி, அப்புறம் ஹாசனில் ஓட்டல், என்ஃபீல்டு பைக் டீலர்ஷிப் என்று கைவைக்காத தொழில் இல்லை. 1996-இல் அவருடைய பட்டு வளர்ப்பு முறைக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ராணுவ நண்பர் கேப்டன் சாமுவேலுடன் சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் கம்பெனி ஆரம்பித்து, அதிலிருந்துதான் 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் பிறந்தது. முதல் விமானம் பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் நடுவில். டெல்லி, பம்பாய் என்று ஆரம்பிக்காமல் ஹூப்ளியில் ஆரம்பித்தார் பாருங்கள், அந்த மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அது ஒன்று போதும்.

அடுத்த மாதமே ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு முதல் விமானம் கிளம்புகிற நாளில், அரசியல் தலைவர்களும் பத்திரிகையாளர்களும் உள்ளே உட்கார்ந்திருக்க, என்ஜினில் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆரம்பித்து ஒரு மாதமே ஆகியிருந்த கம்பெனிக்கு அது எப்படிப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள். அதிலிருந்தும் எழுந்து வந்தார்கள்.

படத்துக்கும் நிஜத்துக்கும் பெரிய வித்தியாசம் முடிவில்தான் இருக்கிறது. படத்தில் கதாநாயகன் பெரிய முதலாளியோடு கைகோக்க மறுத்துவிடுகிறார். நிஜத்தில் கோபிநாத் கையெழுத்துப் போட்டார். 2007-இல், விஜய் மல்லையாவோடு.

ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட் என்பது உண்மையா, விளம்பரத்துக்காகச் சொன்னதா? நஷ்டப்பட்டுக்கொண்டே எப்படி விற்பார்கள்?
- மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி

உண்மைதான். வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி, டிக்கெட் விலை ஒரு ரூபாய். ஆனால் எல்லா சீட்டும் ஒரு ரூபாய் கிடையாது, ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம் சீட்டுகள் மட்டும். முன்கூட்டியே வாங்குகிறவருக்கு அடிமட்ட விலை, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், கடைசி நேரத்தில் வருகிறவர் கொடுப்பதில்தான் கம்பெனிக்குக் காசு.

நீங்கள் கடைக்காரர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். புளி, பருப்பு என்றால் இன்று விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மல்லிகைப் பூ விற்கிற அம்மாவால் முடியாது. சாயங்காலம் ஒரு விலை சொல்லும் அந்த அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு மிச்சத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். விமான சீட்டும் பூ மாதிரிதான், கதவை மூடிவிட்டால் காலி சீட்டுக்கு மதிப்பே இல்லை. என்ன, பூக்காரம்மா கடைசியில் விலையைக் குறைப்பார், விமானக்காரர் முதலிலேயே குறைத்துவிட்டுக் கடைசியில் ஏற்றுவார், ஏனென்றால் கடைசி நேரத்தில் ஓடி வருகிறவருக்கு வேறு வழி இல்லை.

இது பலிக்க வேண்டுமானால் செலவும் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். சாப்பாடு கிடையாது, தண்ணீர் பாட்டில்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சீட்டு நம்பர் இல்லை, முதலில் ஏறுகிறவருக்கு முதலில் சீட்டு. டிக்கெட்டை இன்டர்நெட்டில் விற்றார்கள், பெட்ரோல் பங்கில்கூட விற்றார்கள். சின்ன ஏ.டி.ஆர். விமானங்களுக்கு அரசாங்கமும் கை கொடுத்தது. அப்போது எண்பது சீட்டுக்குக் குறைவான விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை, அதற்குப் போடும் எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீதம்தான். பெரிய விமானத்துக்குத் தமிழ்நாட்டில் ரொம்ப வருடமாக அதே எரிபொருளுக்கு 29 சதவீதம்! தூத்துக்குடி மாதிரி ஊருக்கெல்லாம் டெக்கான் பறந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த கம்பெனியை ஏன் விற்றார்? இண்டிகோ மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? எங்கே தப்பு நடந்தது என்று உங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லவும்.
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

நல்லபடியாகப் போகவில்லை ஐயா. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான். நாலு வருடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் கடைசி வருடங்களில் நஷ்டம் நூற்றுக்கணக்கான கோடியில் இருந்தது. 2006-இல் பங்கு வெளியிட்டார்கள். வாங்க ஆள் வராததால் கடைசித் தேதியைத் தள்ளி, கேட்ட விலையையும் இறக்கி, 148 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். சந்தைக்கு வந்த முதல் நாளே விலை அதற்கும் கீழே போய்விட்டது. வங்கியில் இருந்தவர் நீங்கள், ஒரு கம்பெனிக்கு அதற்கப்புறம் கடன் கேட்கப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். டிக்கெட் விலையைக் குறைப்பதும் செலவைக் குறைப்பதும் வேறு வேறு வேலை. முதலாவதை டெக்கான் ஒரே நாளில் செய்தது, இரண்டாவதை முழுசாகச் செய்யவே இல்லை, செய்ய நேரமும் கிடைக்கவில்லை. ஏ.டி.ஆர். என்று ஒரு வகை, ஏர்பஸ் என்று இன்னொரு வகை, இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஒன்றை ஓட்டுகிற பைலட் மற்றதை ஓட்ட முடியாது, ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்குச் சேராது, இன்ஜினியர்களுக்கும் தனித்தனிப் பயிற்சி. அந்த வருடங்களில் நாட்டில் பைலட்டுகளுக்கே பெரிய பஞ்சம், புதுக் கம்பெனிகள் வரிசையாக வந்து ஒருத்தர் ஆளை இன்னொருத்தர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு பைலட்டுகளை டாலரில் சம்பளம் கொடுத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. ரூபாயில் ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றுவிட்டு, டாலரில் சம்பளம், டாலரில் விமான வாடகை! அவ்வளவு ஊருக்கு அவ்வளவு வேகமாகக் கிளை பரப்பியதில் மாற்று விமானம் என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் ஒரு விமானம் பழுதானால் அது போக வேண்டிய நாலு ஊரும் அன்று பூராவும் தாமதம். டெக்கான் என்றாலே லேட் என்று மக்கள் பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

இண்டிகோ 2006 ஆகஸ்டில் வந்தது. வருவதற்கு ஒரு வருடம் முன்பே நூறு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அத்தனை பெரிய ஆர்டருக்குக் கிடைக்கிற தள்ளுபடி யாருக்கும் கிடைக்காது. விமானம் வந்ததும் வாடகைக் கம்பெனிக்கு விற்று, அதையே திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள், கையில் காசு நிற்கும். ரொம்ப வருடம் ஒரே வகை விமானம் மட்டுமே வைத்திருந்தார்கள். டெக்கான் பாதை போட்டது, இண்டிகோ அந்தப் பாதையில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தது. எனக்கு டெக்கான் மேல் பாசம் உண்டு, ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, மல்லையாவுக்கு வருவோம். 2007-இல் அவருடைய யு.பி. குழுமம் டெக்கானின் 26 சதவீதப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பணக் கஷ்டத்தில் இருந்த கோபிநாத்துக்குப் பணம் வேண்டும், அது புரிகிறது. மல்லையாவுக்கு என்ன வேண்டும்? அப்போது ஒரு விதி இருந்தது. உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்து, இருபது விமானங்களும் வைத்திருந்தால்தான் ஓர் இந்திய நிறுவனம் வெளிநாட்டுக்குப் பறக்கலாம். மல்லையாவின் விமான நிறுவனமான கிங்ஃபிஷர் ஆரம்பித்தது 2005-இல், 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டிலேயே ஐந்து வருடம் முடிந்துவிடும். அதனால் இணைப்பை எப்படிச் செய்தார்கள் என்றால், காகிதத்தில் கிங்ஃபிஷர்தான் டெக்கானுக்குள் போய்ச் சேர்ந்தது, அப்புறம் டெக்கான் கம்பெனிக்கு கிங்ஃபிஷர் என்று பெயர் மாற்றினார்கள். 2008 செப்டம்பர் முதல் வாரத்திலேயே பெங்களூரிலிருந்து லண்டனுக்கு கிங்ஃபிஷர் பறந்துவிட்டது. ஏழை எளியவர்களை ஏற்றிச் சென்ற ஐந்து வருட அனுபவச் சான்றிதழ் லண்டன் போகிற சொகுசு விமானத்துக்குப் பயன்பட்டது என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

டெக்கான் பெயர் முதலில் சிம்ப்ளிஃப்ளை டெக்கான் ஆனது, பிறகு கிங்ஃபிஷர் ரெட் ஆனது. விலை ஏறியது, சாப்பாடு வந்தது. ஒரே கம்பெனிக்குள் ஒரு பக்கம் ராஜ உபசாரம், இன்னொரு பக்கம் மலிவு விலை. சொகுசு வகுப்பில் காசு கொடுத்துக்கொண்டிருந்த பயணிகூட, அதே கம்பெனியின் சிவப்பு விமானத்தில் பாதி விலைக்குப் போகலாமே என்று கீழே இறங்குவார். மலிவு டிக்கெட்டுக்குப் பழகியவர் இண்டிகோவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் போய்விட்டார். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, இணைப்பு அப்போதுதான் முடிந்திருந்தது, மூச்சுவிட நேரம் இல்லை. 2011 செப்டம்பரில் கிங்ஃபிஷர் ரெட்டை மூடுவதாக மல்லையா அறிவித்தார். அடுத்த வருடம் அக்டோபரில் கிங்ஃபிஷரின் உரிமமே முடக்கப்பட்டது. வங்கிகளுக்கு வட்டியும் முதலுமாக ஒன்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி. 2016 மார்ச்சில் அவர் லண்டனுக்குப் போய்விட்டார், மிச்சத்தை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள்.

அந்த விமானங்களில் ஒரு தாத்தா படம் வரைந்திருக்குமே, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி கட்டி. யார் அவர்?
- வாசகி, காரைக்குடி

ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சாமானியன். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் பல வருடம் தினமும் வந்த கார்ட்டூன், ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரைத்தான் ஏர் டெக்கான் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. 2007-க்கு அப்புறம் அவர் இடத்தில் மீன்கொத்திப் பறவை வந்துவிட்டது.

என் மகன் ஒரு விமான நிறுவனத்தில் தரைப்பணியாளராக ஐந்து வருடம் இருந்தான். கம்பெனி மூடியபோது ஏழு மாதச் சம்பளம் பாக்கி. முதலாளி, வங்கி, பயணி என்று எல்லோரையும் பற்றி எழுதுகிறீர்கள், இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே?
- ஒரு தாய், பல்லாவரம்

நீங்கள் கேட்டது நியாயம், போன தடவை நான் எழுதிய நாலு வரியிலும் அவர்கள் இல்லை. மன்னிக்கவும்.

கிங்ஃபிஷரில் 2012-இல் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லாமல்தான் பைலட்டிலிருந்து லோடர் வரை வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த அக்டோபரில் டெல்லியில் ஓர் ஊழியரின் மனைவி, வீட்டுப் பணக் கஷ்டம் தாங்காமல் உயிரை விட்டார் என்று செய்தி வந்தது. சம்பளத்தில் பிடித்த வருமான வரியையும் கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. இதை விளங்கும்படி சொல்ல வேண்டுமானால், ஊழியரின் சம்பளச் சீட்டில் வரி பிடித்ததாக இருக்கும், வருமான வரி அலுவலகத்தின் கணக்கிலோ அப்படி ஒரு பணம் வந்ததாகவே இருக்காது. சம்பளமும் வரவில்லை, வரி ஏன் கட்டவில்லை என்ற கேள்வியும் அவர் தலையில்.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோதும் இதே கதை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள். விமானத்துறையில் ஒரு கஷ்டம் என்னவென்றால், ஒரு கம்பெனி விழும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வருகிறார்கள், மற்ற கம்பெனிகளுக்கு அது தெரியும், சம்பளத்தைக் குறைத்துத்தான் கூப்பிடுவார்கள். மகனிடம் நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், பி.எஃப். எண் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால், அதை நடத்துகிற அதிகாரியிடம் ஊழியர் என்ற முறையில் உரிமைக்கோரிக்கை மனு கொடுக்க வேண்டும், அதற்குக் கெடு தேதி உண்டு. எந்த நிறுவனம் என்பதைத் தனியாக எனக்கு எழுதுங்கள், தெரிந்த வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மூடிப்போன ஒரு கம்பெனியில் குடும்பத்தோடு போக நாலு டிக்கெட் போட்டிருந்தேன். பணம் வரவே இல்லை. வருமா?
- வாசகர், ஓசூர்

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை கொடுக்க முடியவில்லை. கோ ஃபர்ஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே 2-ஆம் தேதி அவர்களே திவால் மனு கொடுத்தார்கள், மறுநாளிலிருந்து விமானம் இல்லை. பிராட் அண்ட் விட்னி என்ஜின்கள் பழுதாகி, மாற்று என்ஜின் வராமல், ஏறக்குறைய பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று காரணம் சொன்னார்கள். 2025 ஜனவரியில் சொத்துகளை விற்று மூட உத்தரவாகிவிட்டது. இப்படி மூடும்போது வருகிற பணத்தில் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும் ஊழியர்களின் சம்பள பாக்கியும் முன்னால் நிற்கும். பயணி வரிசையின் கடைசிப் பக்கம். விமானமோ பெரும்பாலும் வாடகை விமானம், அதை உரிமையாளர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், விற்பதற்கு என்று பெரிதாக என்ன இருக்கும்?

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஒரு வழி உண்டு. சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். ஒரு முறை எனக்கும் டிக்கெட் பணம் இப்படி மாட்டிக்கொண்டது, நான் டெபிட் கார்டில் கட்டியிருந்தேன், போனது போனதுதான். அன்றிலிருந்து எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நாலு மாதம் முன்கூட்டி டிக்கெட் போடுவதென்றால் கிரெடிட் கார்டுதான்.

மலிவு விலை விமானக் கம்பெனிகள் இப்படி ஏறி இறங்கியது நம் நாட்டில் மட்டும்தானா?
- வாசகர், சிதம்பரம்

இல்லை. இங்கிலாந்தில் ஃப்ரெடி லேக்கர் 1977-இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டுக்குப் பறக்கவிட்டார். டாலரில் கடன் வாங்கி விமானங்கள் வாங்கினார், பவுண்டின் மதிப்பு சரிந்தது, பெரிய கம்பெனிகள் சேர்ந்துகொண்டு விலையைக் குறைத்தன. 1982 பிப்ரவரி 5-இல் மூடினார். அப்போது இங்கிலாந்து மக்கள் அவருக்காகத் தாங்களாகவே பணம் திரட்டினார்கள்.

கோபிநாத் இப்போது பறக்கவிடுகிறாரா?
- ஆட்டோ ஓட்டுநர், மதுரை

மறுபடி முயன்றார். சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2017 டிசம்பரில் மும்பையிலிருந்து ஜல்காவுக்கு, பத்தொன்பது பேர் உட்காரும் சின்ன விமானத்தோடு ஏர் டெக்கானை அதே பெயரில் தொடங்கினார். 2020-இல் கொரோனா வந்தது, அதோடு நின்றது.

நீங்கள் பழைய ஏர் டெக்கானில் பறந்ததுண்டா?
- வாசகி, விருதுநகர்

ஒரே ஒரு தடவை. மதுரையிலிருந்து சென்னைக்கு, என் அத்தையோடு. அத்தைக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது, விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. சீட்டு நம்பர் கிடையாது, முதலில் ஏறுகிறவருக்குத்தான் ஜன்னல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகியவர், கேட்டைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வேகவேகமாக நடந்தார், நான் முறுக்கு டப்பாவோடு பின்னால். அந்த ஏ.டி.ஆர். விமானத்துக்குப் படி வால் பக்கம் இருக்கும், முன்னால் மூட்டை முடிச்சு, பின்னால்தான் ஆள் ஏற வேண்டும். முன்னால் போய்க் காத்து நின்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு அத்தை பின்னால் போய்விட்டார். ஜன்னல் கிடைத்தது.

அதில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்க்க எதுவும் மறைக்காது. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆறு ஒன்று இரண்டாகப் பிரிந்து, நடுவில் பச்சையாக ஒரு நீளத் திட்டு தெரிந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அது காவிரி, இது கொள்ளிடம், அப்போ நடுவில் இருக்கிறது ஸ்ரீரங்கம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து கும்பிட்டார். சென்னை இறங்கும் வரைக்கும் முறுக்கு டப்பாவைத் திறக்கவே இல்லை.